கேட்டால்தான் தேன்

நாலு வயதாகியும் என் மகள் பேசவில்லை. காது நன்றாகவே கேட்டது. சமையல்கட்டில் தேன் பாட்டிலைத் திறந்தால் வாசலிலிருந்து ஓடி வருவாள். வாய் மட்டும் திறக்காது. வேண்டியதை விரலால் காட்டுவாள், இல்லையென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவாள்.

தேன் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து வந்தது. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, மலைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைத்து வரவழைப்பார். அதில் வசம்பை இழைத்துக் காலையில் பிள்ளையின் நாக்கில் தடவுவார். அவருக்குக் குழந்தை இல்லை. என் மகளை இடுப்பிலிருந்து இறக்கியதே இல்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான். தானா வரும்டி" என்பார் அக்கா. தானாக வரும், தானாக வரும் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, "பேச்சு வந்ததும் கூட்டிக்கினு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். கச்சிராயபாளையம் கடைத்தெரு முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். வீட்டு வாசலில் கண்ணைத் துடைத்தேன். அதோடு அழுகை சரி.

வழி சொன்னது கள்ளக்குறிச்சியில் நாங்கள் துணி எடுக்கும் கடை பாய். என் மகள் ஒரு பாவாடைத் துணியை விரலால் காட்டிக் காட்டி இழுப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க அக்கா பையனும் இப்பிடித்தாம்மா இருந்தான். பாண்டிச்சேரில பேச்சுப் பயிற்சி குடுக்கற ஒரு அம்மா கிட்ட காட்னோம். இப்ப வாய மூட மாட்டேங்கறான்" என்றார். பேச்சைக்கூடச் சொல்லித்தருவார்களா என்று எனக்கு ஆச்சரியம். துணிப் பையின் மேலேயே விலாசம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வாரம் ஒரு நாள் வர வேண்டும், வரும்போதே பணம் கட்ட வேண்டும் என்றார் அந்த அம்மா. பஸ் செலவு வேறு. "கரும்புக் காசு வரட்டும், பாக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். ஆலையிலிருந்து கரும்புக் காசு சொன்ன நாளில் என்றைக்கு வந்திருக்கிறது? எனக்கென்று இருந்தது ஓர் எருமை, அம்மா வீட்டில் கொடுத்தது. மறுநாளே இரண்டு வேளைப் பாலையும் டீக்கடைக்கு ஊற்றினேன். வீட்டில் எல்லாருக்கும் வரக்காப்பி. வீட்டுக்காரரின் அண்ணன் டம்ளரைப் பார்த்து முகம் சுளித்தார். அவரிடம் நேராகப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. "எருமையும் என்னுது, புள்ளயும் என்னுது" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னேன்.

பாண்டிச்சேரி அம்மா பிள்ளையைவிட என்னைத்தான் அதிகம் கவனித்தார். மகள் சொம்பைப் பார்த்தாள், நான் எடுத்துக் கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டார்.

"பேச்சு வராததுக்கு நீங்க காரணம் இல்லம்மா. ஆனா கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் கைக்கு வந்துடுதே, அவ எப்பப் பழகுவா? கையில வெச்சிக்கிட்டு அவ முகத்தப் பாருங்க. பேர் சொல்லிக் காட்டுங்க, காத்திருங்க. என்ன சத்தம் வந்தாலும் உடனே குடுத்துடுங்க. வீட்ல எல்லாரும் இப்படியே செய்யணும்."

வீட்டில் எல்லாருமா! நான் தண்ணீர் டம்ளரோடு காத்து நின்றால் அக்கா வந்து பிடுங்கிக் கொடுத்துவிடுவார். "புள்ள ஏங்கிப் போயி நிக்குது, நீ பொம்ம மாரி பாத்துக்கினு நிக்கிற. பெத்தவளாடி நீ?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒருபக்கம் காத்திருப்பேன், அவர் கதவுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தேனை ஊட்டிவிடுவார். வாராவாரம் பாண்டிச்சேரி போய் வந்தும் ஒரு முனகலுக்கு மேல் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சனங்களின் சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பாண்டிச்சேரிக்குப் போகிற நாளன்று, எங்காவது பஸ் கிடைக்கும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி ரோட்டில் நடந்தேன். குறுக்கே கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார்.

"இன்னாடி, எங்க போற? பஸ்ஸே கெடையாது."

"தெரியுது. மரத்து மேல நீங்கதான குந்திக்கினு இருக்கீங்க."

"நாளைக்கு இவ படிச்சி வேலைக்கிப் போவணும்னுதான்டி குந்திக்கினு இருக்கோம்."

"போவட்டும். மொதல்ல பேசட்டும்" என்றேன்.

அவர் செய்தது தப்பென்று நான் நினைக்கவில்லை. அவர் கேட்டதும் இவளுக்காகத்தான். ஆனால் எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு பஸ்.

வீட்டுக்குத் திரும்பிய வேகத்தில் அக்கா முன்னால் போய் நின்றேன். "பாண்டிச்சேரிக்கு வழி இல்லக்கா. இனிமே அந்த அம்மா வேலைய நாமதான் செய்யணும். நீங்க ஒளிச்சி வெச்சி ஊட்டற ஒவ்வொரு தடவையும் என் பால் காசு தண்ணியில போவுது. நான் நின்னா அவ மொகத்தத் திருப்பிக்கினு உங்க கிட்ட ஓடறா. உங்க மேலதான் அவளுக்கு உசுரு. நீங்க நின்னா கேப்பா."

பெற்றவள் வாயால் சொல்லக்கூடியதா அது? அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரோடு திறப்பதற்குள் ஒரு நாள், எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தேன். சமையல்கட்டில் அக்கா தேன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம். என் மகள் உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

"'தே'ன்னு கேட்டாடி" என்றார் அக்கா. "மொத தரம் ஏதோ தானா வந்துச்சின்னு நெனச்சேன். ஊட்டிட்டு மறுபடியும் கையில வெச்சிக்கினு காத்திருந்தேன். மறுபடியும் கேட்டாடி." புல்லுக்கட்டை எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். மகள் அவர் விரலைப் பிடித்து அலமாரி வரை இழுத்துப்போய்த் தேன் பாட்டிலைக் காட்டினாள். அவர் எடுக்கக் கையைத் தூக்கினார்.

"தம்பி, குடுத்துடாத!" என்று அக்கா போட்ட சத்தத்தில் எருமையே திரும்பிப் பார்த்திருக்கும். "கேக்கட்டும்."

தூக்கிய கை அப்படியே நின்றது. நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.