தலை நனைக்காத கிளைட்டன்

இரண்டு குதிகால்களாலும் மாறி மாறி மணலைத் தோண்டி, விழுந்த பள்ளத்தில் உட்கார்ந்து பார்த்து, வாகு சரியில்லை என்று எழுந்து, மறுபடியும் தோண்டிக்கொண்டிருப்பார் கிளைட்டன். முட்டையிட வந்த ஆமைகூட இத்தனை தடவை எழுந்து உட்காராது. ஞாயிறு காலைப் பூசைக்குப் போனால் கோயில் வாசல் தூணோடு ஒட்டி நின்றுவிட்டு வருகிற மனிதர். ஆற்று மணலில் உட்காருவதற்கு மட்டும் சாய்வு பார்ப்பார், உடைமர நிழல் எந்தப் பக்கம் நகரும் என்று பார்ப்பார், அப்புறம்தான் உடம்பை இறக்குவார். இறக்கியதும் ஒரு பெருமூச்சு. "அம்மாடி. இதுக்குத்தாம்லே வாரம் பூரா மூச்சப் பிடிக்கது."

புன்னைக்காயலில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தைத் தாண்டினால் ஆறு. கடலில் போய் விழுவதற்கு முன்னால், போகலாமா வேண்டாமா என்று தாமிரபரணி கொஞ்சம் யோசித்து நிற்கிற இடம் அது. அந்த யோசனையில் ஒதுங்கிய மணல்தான் கிளைட்டனுடைய மணல். பட்டா ஒன்றும் கிடையாது. ஆனால் ஞாயிறு மத்தியானம் வேறு யாராவது அங்கே துண்டை விரித்துப் படுத்திருந்தால், பக்கத்தில் போய் நின்று, அவர்களாகவே எழுந்து போகும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்.

தொழில் சங்குகுளி. திங்கள் விடிவதற்குள் மச்சினன் ஜாய்சனின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு திரேஸ்புரம் போய்ப் படகு ஏறுவார். கடலடிக்குப் போய், வாயில் காற்றுக் குழாயைக் கவ்வியபடி மணலைத் துழாவிச் சங்கெடுப்பார். சனிக்கிழமைவரை இதே கதை. ஞாயிறு ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அன்றைக்கு மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், கைப்பேசியில் மாட்டிக்கொள்வார்கள். வாரமெல்லாம் மணலைத் துழாவுகிற கிளைட்டனோ, லீவு நாளில் ஆற்றுக்கு வந்து உட்கார்ந்து, மறுபடியும் மணலைத்தான் துழாவுவார். கால் விரல்களால். சோடா மூடி, உடைந்த வளையல், எவனோ தொலைத்த செருப்பு வார் என்று ஏதாவது விரலிடுக்கில் ஏறி வரும். "நான் சும்மாத்தான் இருக்கேன். இந்த வெரலுக்குத்தான் லீவுன்னா என்னன்னு தெரிய மாட்டேங்கு" என்பார்.

தண்ணீருக்கடியில் பேச முடியாது என்பதால் கை ஜாடையிலேயே காலம் தள்ளிப் பழகியவர், கரையிலும் அதை விடவில்லை. சோற்றுக்கு உப்பு போதாது என்பதற்கு ஒரு விரல், குழம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு இரண்டு விரல். பெண்டாட்டி பிளாரன்ஸ் கோபமாக இருந்தால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டுவார். மேலே புயல், கீழேயே கிடக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

குறும்பில் பள்ளிக்கூடப் பையன்கள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஆற்றில் ஆழமான கசம் ஒன்று உண்டு. குளிக்கிற கூட்டத்துக்கு நடுவில் சத்தமில்லாமல் அதில் அமிழ்ந்துவிடுவார். ஒருமுறை முக்காணிப் பக்கமிருந்து குளிக்க வந்த குடும்பம், உள்ளே போன ஆள் வரவில்லையே என்று அலறி, ஆள் திரட்டி, ஒருவர் தீயணைப்புக்குப் போன் போடுகிற நேரத்தில், கிளைட்டன் எதிர்க்கரைப் பக்கம் எழும்பி, அவர்களுடைய சோப்பைத் தேய்த்து நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் போன ஞாயிறு தலையை நனைக்கவில்லை. வந்தார், தோண்டினார், உட்கார்ந்தார். ஆனால் எப்போதும் தன் இடப்பக்கம் படுக்கிற ஜாய்சனை, அந்தப் பக்கம் எறும்பு என்று சொல்லி வலப்பக்கம் வரச் சொன்னார். எறும்பு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை கடலடியில் இருக்கும்போது அவருடைய இடது காதுக்குள் ஏதோ வெடித்ததுபோல் இருந்தது. மேலே வந்து துடைத்தால் விரலில் ரத்தம். வெள்ளியும் சனியும் காற்று பலத்ததால் படகுகள் போகவில்லை. அந்த இடைவெளியில் யாருக்கும் தெரியாமல் தூத்துக்குடி போய்க் காது டாக்டரைப் பார்த்தார். சவ்வு கிழிந்திருக்கிறது, ஆறும்வரை தண்ணீரே படக்கூடாது, இதோடு முங்கினால் கேட்கிற கொஞ்சமும் போய்விடும் என்று அவர் சொல்லிவிட்டார். கிளைட்டன் ஒரு விரலைக் காட்டினார். டாக்டருக்கு அந்த பாஷை புரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. மச்சினனிடம் சொல்லவே இல்லை. காது போனவரைப் படகில் ஏற்ற யாரும் யோசிப்பார்கள் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஜாய்சன். கடலடியில் கிடக்கிறவனுடைய உயிர், மேலே படகில் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருக்கிறவன் கையில். அதனால்தான் அந்த இடத்தில் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவனை நிறுத்துவது இந்தத் தொழிலில் வழக்கம். கூலிக்குக் கயிறு பிடிக்கிறவன் கண் அசரலாம், அக்கா வாழ்க்கையைப் பிடித்திருக்கிறவன் அசரமாட்டான். ஜாய்சன் அசராத ரகம். அவனுக்கு விஷயம் தெரிந்தால் நாளைக்குக் கயிற்றைத் தொடமாட்டான். நாளைக்குக் காற்று இருக்காது என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

வெயில் தாழும் நேரத்தில் பிளாரன்ஸ் வந்தாள், தூக்குச்சட்டியில் மத்தியானத்துச் சீலாமீன் குழம்பும், இலையில் அவித்த மரச்சீனிக் கிழங்குமாக. மேற்கே ஆற்றங்கரையில் பிறந்தவள். கடலில் கால் நனைக்க யோசிப்பாள், ஆறென்றால் அயிரைமீன். மூன்று பேரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதிர்க்கரையில் கொக்குகள் ஒற்றைக் காலில் தூங்கின. ஜாய்சன் கடைசிக் கிழங்கு யாருக்கு என்பதில் அக்காவோடு வழக்காடித் தோற்றான். கிளைட்டன் இரண்டு விரலைக் காட்டிவிட்டு, கால் விரல்களை மணலுக்குள் அனுப்பினார். அவருக்கு அப்படியே அந்தப் பொழுதில் புதைந்துவிட வேண்டும்போல இருந்தது. நாளை என்பது இந்த மணலைத் தாண்டி எங்கேயோ கிடக்கட்டும்.

பிளாரன்ஸ் சட்டியைக் கழுவக் கசத்தோரக் கல்லுக்குப் போனாள். எவர்சில்வர் சட்டி. கல்யாணத்துக்கு அவள் சின்னம்மா பெயர் வெட்டிக் கொடுத்தது. அடியில் மணலைப் போட்டுத் தேய்த்தாள், அலசினாள். அப்புறம் சட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் நிறையத் தண்ணீர் குடித்து, மினுக்கிக்கொண்டே உள்ளே போய்விட்டது. சின்னம்மா கொடுத்த சட்டி ஆற்றில் போனால் ஒரு பெண் போட வேண்டிய சத்தம் எதையும் அவள் போடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இங்கேருங்க. சட்டி உள்ள போயிட்டு. எடுத்துத் தாங்க."

ஜாய்சன் படுத்த மேனிக்கே சிரித்தான். கடலடியில் சங்கெடுக்கிற மனிதரைப் பிடித்து ஆற்றடியில் சட்டி எடுக்கச் சொல்வதா, கௌரவக் குறைச்சலாக இல்லையா என்று அத்தானுக்காகப் பரிந்து பேசினான்.

கிளைட்டன் எழுந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். கசத்தை நோக்கி நடந்தார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. கழுத்துக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் நின்றார். சட்டி கிடக்கும் இடம் அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முங்கு. எடுத்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. திரும்பிக் கரையைப் பார்த்தார். பிளாரன்ஸ் சட்டி போன திசையைப் பார்க்கவில்லை, அவர் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து தோளுக்குக் கீழே மட்டும் குளிக்கிற புருஷனையும், தலையணை உறையில் பழுப்பாக ஒட்டியிருந்த ரத்தக் கறையையும் பார்த்த கண்.

கிளைட்டன் கையைத் தூக்கி ஏதோ ஜாடை காட்டப் போனார். கை பாதியில் நின்றது. இதற்கு ஜாடை கிடையாது.

"மாப்ள, எடது காது போச்சுலே."

ஜாய்சன் எழுந்து உட்கார்ந்தான். எப்போது என்று கேட்டான். வியாழக்கிழமை என்றார். டாக்டர் சொன்னதையும் சொன்னார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, யாரோ ஒருத்தருடைய காதைப் பற்றிச் சொல்வதுபோல.

"அப்பம் நாளைக்கு?"

"நாளைக்கு எறங்கலாம்னுதான் இருந்தேன்."

"நான் கயிறு பிடிக்க மாட்டேன் அத்தான்."

"அதுக்குத்தாம்லே சொல்லல."

ஜாய்சன் ஒரு பிடி மணலை அள்ளி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்க பிடிங்க. காது ஆறுத வரைக்கும் நான் எறங்குதேன்" என்றான்.

"நீயா. சங்குன்னு சொல்லி கல்லப் பொறக்கிட்டு வருவ."

"கல்லாவது வரும்லா. ஒங்க காது வருமா?"

கிளைட்டன் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கயிற்றின் கீழ்முனையில் இருந்தவர். மேல்முனையில் நின்றால் உள்ளங்கை என்ன செய்யும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் அவர் விரல்கள் தாமாகவே மடங்கின. "இழுத்தா ஒடனே மேல வந்துரணும் பாத்துக்கோ. கீழ நின்னு வேடிக்கை பாக்கப்பிடாது" என்று உறுமினார். ஜாய்சன் தலையை ஆட்டினான்.

அதற்குள் பிளாரன்ஸ் புடவையை வரிந்து செருகிக்கொண்டு கல்லிலிருந்து இறங்கிவிட்டாள். கிளைட்டனைக் கடந்து போனாள். ஒரு முங்கு. தண்ணீர் மூடிக்கொண்டது. கிளைட்டன் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குமிழிகள் வருகிற இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். இத்தனை வருஷமாக மேலே நிற்கிறவர்கள் பட்ட பாடு இதுதானா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஊரையே மூழ்கி ஏமாற்றிய மனிதருக்கு அந்தக் கொஞ்ச நேரம் தாங்கவில்லை.

சட்டியோடு எழும்பினாள். சட்டி நிறைய மணல். வழுக்கிப் போனதா, வழுக்க விட்டதா என்று கேட்கிற தைரியம் அங்கே இரண்டு ஆண்களுக்கும் இல்லை. சட்டியைக் கரையில் நின்ற தம்பியிடம் எறிந்துவிட்டு, கிளைட்டனிடம் வந்தாள். ஒரு சொட்டும் அவர்மேல் விழாதபடி ஈரக்கூந்தலை ஒரு கையால் முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, நீளமாக என்னவோ சொன்னாள். கிளைட்டன் மறுகாதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தலையை அப்படியே வைத்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றார்.