ஓடையிலிருந்து கூப்பிட்ட குரல்

என் வீட்டுக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும். லேத் பட்டறை இரைச்சலில் நின்றுகொண்டே, இரும்பு சீவுகிற சத்தத்தை வைத்து டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். ஆனால் நான் பின்னாலிருந்து "ஏங்க" என்று கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டார். தோள் இரண்டும் இறுகிப் போகும். கையில் டம்ளர் இருந்தால் டம்ளர் அப்படியே நிற்கும். நான் சுற்றிக்கொண்டு போய் எதிரே நின்று முகத்தைக் காட்டினால்தான் மூச்சு விடுவார். "இன்னாமே" என்பார், ஒன்றுமே நடக்காத மாதிரி. கல்யாணமான புதிதில் இப்படிக் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்விட்டு வந்த பிறகு வந்த கோளாறு இது.

எங்கள் சனத்துக்கு மலைக்குப் போவது என்றால் விறகுக்குப் போவது. என் அப்பா அம்மா, அவருடைய அப்பா அம்மா எல்லோருமே அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். காக்களூர்ப் பக்கம் பட்டறைகள் வரத் தொடங்கியபோது இவருக்கு ஒன்றில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. லீவு என்றால் என்ன செய்வது என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் திருவள்ளூரில் சினிமா பார்த்தார்கள். இவரும், கூட வேலை பார்த்த வெல்டரும், ஸ்டோர்காரரும் மலை பார்க்கப் போனார்கள். விறகு வேண்டாம், தேன் வேண்டாம், சாமியும் வேண்டாம். ஏறுவார்கள், நின்று பார்ப்பார்கள், இறங்கிவிடுவார்கள்.

"சோறு செரிக்கலன்னா ஓமத்தண்ணி குடிக்கிறது, அதுக்கு எதுக்குடா மலை ஏறிக்கினு" என்பார் என் மாமியார்.

எந்த மலை என்று முடிவு செய்வதுதான் பெரிய கூத்து. சனிக்கிழமை ஷிப்டு விட்டதும் மூன்று பேரும் எங்கள் வாசலில் உட்கார்ந்து பெண் பார்க்கிற மாதிரி மலை பார்ப்பார்கள். உச்சியில் கோயில் இருக்கக் கூடாது. கோயில் இருந்தால் படிக்கட்டு இருக்கும், படிக்கட்டு இருந்தால் கூட்டம் இருக்கும். பாறையில் கறுப்பாக நீர் வழிந்த தடம் இருக்க வேண்டும், அங்கே மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும். ஆடு போகிற தடம் இருந்தால் மனிதனும் போகலாம். மேலே நின்றால் எதையாவது பார்க்க முடிய வேண்டும். பூண்டி ஏரி தெரியும் என்று ஒருவர் ஒரு மலையைச் சொல்வார். அதைவிட ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் நல்ல மலை இருக்கிறது என்பார் இன்னொருவர். எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் ஏறினால் வெயில் முதுகில் அடிக்கும் என்று பேசிப் பேசி என் டீத்தூளைத் தீர்ப்பார்கள்.

நானும் வருகிறேன் என்று ஒருநாள் சொன்னேன். பொம்பளை எதற்கு மலைக்கு என்று ஆரம்பித்தார். பதினோரு வயதிலிருந்து விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மலை இறங்கியவள் நான், உங்களுக்கு லேத் தெரியும், மலை எனக்குத் தெரியும் என்றேன். வெல்டர் சிரித்துவிட்டு, "அண்ணி வரட்டும்ணா, சோறாவது ஒழுங்கா கெடைக்கும்" என்றார். அந்த வாய்க்குக் கொழுப்பு அதிகம். ஆனால் அவரால்தான் போனேன்.

போன பிறகு எனக்குப் பிடித்துப் போயிற்று. தலையில் சுமை இல்லாமல் மலையில் நடந்தது அதுதான் முதல் தடவை. அண்ணாந்து பார்க்க முடிந்தது. எங்களுக்குள் ஒரே சண்டை வழியைப் பற்றித்தான். அவருக்கு முகட்டுமேல் போக வேண்டும், நாலா பக்கமும் தெரிய வேண்டும். எனக்கு ஓடையோடு போக வேண்டும். "ஓடையில இன்னா தெரியும், கல்லுதான் தெரியும்" என்பார். முகட்டில் என்ன இருக்கிறது, காற்றுதான் என்பேன் நான்.

அந்த ஞாயிறு தை மாதத்தில் வந்தது. சத்தியவேட்டைத் தாண்டி ஒரு மலையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதன் முகட்டில் நின்றால் கிழக்கே பழவேற்காடு ஏரி வெள்ளைக் கோடாகத் தெரியும் என்று ஸ்டோர்காரருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி நடந்தோம். அடிவாரத்தில் ஒரு டீக்கடை. அதற்கு மேலே காடு. மத்தியானம் ஒரு சுனையருகே உட்கார்ந்து எலுமிச்சம் சோறு சாப்பிட்டோம். அங்கிருந்து வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று முகட்டுக்கு ஏறியது, இன்னொன்று ஓடையோடு இறங்கியது. என் செருப்பு வார் அறுந்துவிட்டிருந்தது. வெறுங்காலோடு முகட்டுக்கு வர முடியாது என்றேன்.

அப்போது விறகுக் கட்டோடு இரண்டு பெண்கள் ஓடை வழியாக இறங்கி வந்தார்கள். "எங்களோட வாம்மா, டீக்கடைக்குத்தான் போறோம்" என்றார்கள். இவருக்கு நிம்மதி. "நீ இவங்களோட எறங்கிடுமே. டீக்கடையில குந்து. நாங்க ஏரியப் பாத்துட்டு வெயில் தாழ வந்துர்றோம்" என்றார். அவர்கள் மேலே போனார்கள், நான் கீழே போனேன்.

தலைச்சுமைக்காரர்களால் நிற்க முடியாது. நின்றால் கழுத்து நொந்துவிடும். ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், திரும்பியும் பார்க்க முடியாது. அது எனக்குத் தெரியும் என்பதால், நீங்கள் போங்கள், நான் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேச்சுச் சத்தமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் பாசி பிடித்த பாறையில் வழுக்கி என் கால் இரண்டு கற்களுக்கு நடுவே போய் மாட்டியது. கணுக்கால் திரும்பிக்கொண்டது. இழுத்தால் உயிர் போகிற வலி. அந்தப் பெண்களைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஓடைக்குள் இருட்டு மேலிருந்து வருவதில்லை, கல்லுக்கடியிலிருந்து வருகிறது.

பயந்து அழுதுகொண்டிருந்தேன். அப்போது தலைக்கு மேலே, மரங்களுக்கு அந்தப் பக்கம், முகட்டிலிருந்து இறங்குகிற தடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. வெல்டரின் சிரிப்பு. பீடி வாசனைகூட வந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டேன்.

பேச்சு நின்றது. சிரிப்பு நின்றது.

"ஏங்க, ஏங்க" என்றேன். "நான்தாங்க, நான்தான்" என்று கத்தினேன். ஒரு கல் உருண்டது. பிறகு செருப்புகள் ஓடுகிற சத்தம் கேட்டது. என் பக்கம் வரவில்லை. கீழே, என்னை விட்டு விலகி, தடதடவென்று ஓடிக்கொண்டே போனது.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். புருஷன் பேரை நாங்கள் வாயில் எடுத்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வோம். சாகப் போகிறோம் என்று நினைத்த நேரத்திலும் என் நாக்கு அதற்கு வளையவில்லை. அந்தி சாய்ந்த மலையில் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டால் திரும்பக் கூடாது, அது மோகினி என்பது அந்தப் பக்கத்து ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் டீக்கடையில் பத்திரமாக உட்கார்ந்திருப்பதாக இவர்களுக்கு நினைப்பு. எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் மனசு ஆறிவிடுமா?

டீக்கடையில் நான் இல்லாததைப் பார்த்த பிறகு இவர் கடைக்காரரோடு லாந்தர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "மே" என்று மட்டுமே கூப்பிடுகிற மனுஷன் என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். குரல் கிழிந்து போயிருந்தது. கல்லைப் புரட்டி என் காலை எடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தாங்கிப் பிடித்து டீக்கடைக்குக் கொண்டுவந்தபோது, வாய்க்கொழுப்பு வெல்டர் முதலில் என் காலைத்தான் பார்த்தார், தரையில் படுகிறதா என்று. வீங்கின காலை நான் தூக்கியே வைத்திருந்தேன். அவர் முகம் வெளுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

பஸ்ஸில் கேட்டேன், "நான் கூப்டது கேட்டுச்சா?"

"கேட்டுது."

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "யார்னு தெரியலமே" என்றார். கேட்காமலே மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்கள் ஆட்டிய வேகம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

கால் சீக்கிரம் ஆறிவிட்டது. சந்தேகம் ஆறவில்லை. தெரியாமல் ஓடினாரென்றால் நான் மன்னிப்பேன். தெரிந்து ஓடினாரென்றால் நான் யாரோடு குடித்தனம் நடத்துகிறேன்? விளக்கேற்றுகிற நேரத்தில் தெருவில் யாராவது செருப்போடு ஓடினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். வீட்டில் நான் கூப்பிட்டு அவர் திரும்பாமல் நிற்கும்போதெல்லாம் நான் அந்த ஓடையிலேயே கிடக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் செத்துப்போய்விட்டேனோ, இவருக்கு மட்டும்தான் அது தெரியுமோ என்றுகூடத் தோன்றும். ஒருநாள் குழாயடியிலிருந்து குரலை மாற்றி, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, "அண்ணே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சட்டென்று திரும்பினார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எவள் கூப்பிட்டாலும் திரும்புவார், நான் கூப்பிட்டால் மட்டும் ஆகாது என்று குமுறிக் குமுறி அழுதேன்.

மறு வருஷம் மழை விட்ட பிறகு மறுபடியும் வாசலில் மலைப் பேச்சு ஆரம்பித்தது. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு மலையாம், தடம் அகலமாம், எனக்காகவே பார்த்துத் தேர்ந்தெடுத்தாராம். "ஓடையோடவே போலாம், நீ கேட்ட மாதிரி. வாமே" என்றார். சனிக்கிழமை சாயங்காலம். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். நான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"வரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு என் கொரல்னு தெரியுமா, தெரியாதா?"

வழக்கமான பொய்யைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அதைக் கேட்டுவிட்டு மலைக்குப் போகலாம் என்றுகூட உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது.

"மொத கூப்பாட்டுலயே தெரிஞ்சுது" என்றார்.

"தெரிஞ்சுமா ஓடுனீங்க?"

"தெரிஞ்சதாலதான் ஓடுனேன். நீ கீழ டீக்கடையில குந்திகினு இருக்கன்னு நெனச்சுகினு வரேன். இங்க ஓடையில உன் கொரலு கேக்குது. மனசுக்குப் புடிச்சவ கொரலுலதான் அது கூப்புடும்னு சொல்லுவாங்க. வேற எவ கொரலா இருந்தாலும் எறங்கிப் பாத்துருப்பேன்மே."

சொல்லிவிட்டு அழுதார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷனுக்கு என்மேல் எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத் தெரிந்ததுபோல் அதற்கு முன்பும் தெரிந்ததில்லை, பின்பும் தெரிந்ததில்லை. ஆனால் அந்த ஆசையை நம்பி ஒரு மலையில் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. விடிந்ததும் எழுந்து எலுமிச்சம் சோறு கிளறினேன். பொட்டலம் கட்டி அவர் பையில் வைத்தேன். நான் போகவில்லை.