இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரி

அடுத்தவர் பாட்டை எடுத்துத் தன் பாணியில் பாடிப் போடுகிற கவர் பாட்டு என்றாலே எனக்கு ஆகாது. மொட்டை மாடியில் ஒரு கிட்டார், பின்னால் மினுக்கும் மஞ்சள் விளக்குகள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பையன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதி வேகத்துக்கு இழுத்து வைத்திருப்பான். வீடியோவுக்குக் கீழே 'அசலைவிட அருமை' என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிங்கப்பூரில் ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் இதுதான் வேலை. என் வீட்டுக்காரர் கீழே போய்ப் பரோட்டா வாங்கி வருவார். முதலில் கவரைப் போடுவோம், பிறகு அசலைப் போடுவோம். நான் திட்டுவேன், அவர் தலையாட்டுவார். அசலில் எங்காவது ஒரு சின்னத் தப்பு இருக்கும் என்பது என் கட்சி. மேலே ஏறுவதற்கு முன் பாடகி மூச்சு இழுப்பது கேட்கும். புல்லாங்குழல் ஒரு மயிரிழை பிந்தி வரும். கவர் பாடுகிறவர்கள் முதல் வேலையாக அதைத்தான் துடைத்துவிடுவார்கள்.

"தப்பு இருந்தாத்தாங்க அது அசல்" என்பேன்.

"கரெக்ட்தான்" என்பார், பரோட்டாவைக் குழம்பில் முக்கிக்கொண்டே.

எங்களிடமும் ஓர் அசல் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு சமூக மன்றத்தில் ஒரு பாட்டு நிகழ்ச்சி நடந்தது. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஜோடியாக வந்தவர் அவர். அதற்கு முன் பேசியதுகூட இல்லை. பழைய டூயட் ஒன்றைப் பாடினோம். இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரியில் மனிதர் அப்படியே நின்றுவிட்டார். நான் மைக்கை ஒதுக்கிவிட்டு வரியை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தார். கூட்டம் சிரித்தது. அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வைக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

அதன் பிறகு எந்த விசேஷத்தில் பாடினாலும் அதே வரியில் நிற்பார். புருவத்தைத் தூக்கி என்னைப் பார்ப்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். சொந்தக்காரப் பிள்ளைகள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பார்கள். கல்யாண நாளை மறந்தால் எனக்குக் கோபம் வரும். இதை அவர் மறந்தால் பெருமையாக இருக்கும்.

போன மாதம் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். "தம்பி, இன்னும் கொஞ்சம் ரசம்" என்றார் அவர். அடுத்த மேசையில் இருந்த பெண் சட்டென்று திரும்பினாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பாடுவீங்கல்ல? நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாடியிருக்கோம் சார்!"

மதுரைப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து கிளமெண்டியில் வாடகைக்கு இருக்கிறாளாம். கைப்பேசியில் ஏதோ பாட்டுச் செயலி இருக்கிறதாம். ஒருவர் தன் பாதியைப் பாடி விட்டுவிட்டால், முன்பின் தெரியாத இன்னொருவர் மீதிப் பாதியைப் பாடிச் சேர்த்துக்கொள்ளலாமாம்.

"நேர்ல இப்பதான் மேடம் பாக்குறேன். சார் எவ்ளோ பேரோட பாடியிருக்காரு தெரியுமா? சூப்பரா பாடுவாரு!" என்று சொல்லி, போனை என் இலைக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் பாட்டு. பாதித் திரையில் அந்தப் பெண், பாதியில் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க் மேல்தளம் தெரிந்தது. சாயங்காலம் வாக்கிங் என்று கிளம்பியதெல்லாம் அங்கேதான் போலிருக்கிறது. அதுகூடப் போகட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் சரணம் வந்தது. கண்ணை மூடியிருந்தார். மூன்றாம் வரியில் நிற்கவில்லை, தடுமாறவில்லை. முழு வரியும் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு சங்கதி வேறு போட்டிருந்தார்.

"நல்லாருக்கும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ரயிலில் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஸ்கிரீன்ல வரி ஓடும் லா. பாத்துப் பாடுறதுதான்."

"கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க."

வீட்டுக்கு வந்ததும் காய்கறியைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "மொதல் தடவ நெஜமாவே மறந்துச்சு. நம்பு. அப்புறம், உனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அதான் மறந்த மாதிரியே விட்டுட்டேன்."

அப்படியென்றால் அந்த முதல் நாள் மட்டும்தான் அசல். பிறகு கல்யாண வீட்டிலும் வளைகாப்பிலும் பொங்கலிலும் அவர் எனக்குப் பாடிக் காட்டியதெல்லாம் அதன் கவர். ஊரார் பாட்டில் மூச்சு இழுப்பதுவரை கண்டுபிடித்தவள், பக்கத்தில் நின்று பாடியவரிடம் ஏமாந்திருக்கிறேன். வேறு விவகாரம் என்றால் யாரிடமாவது சொல்லி அழலாம். 'என் புருஷனுக்குப் பாட்டு மறக்கவில்லை' என்று யாரிடம் போய்ச் சொல்வது? எனக்காகத்தானே செய்தார் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆறவில்லை. சின்னப் பிள்ளையோடு விளையாடும்போது வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பார்களே, அப்படி எனக்குத் தோற்றுக் கொடுத்திருக்கிறார். யாரென்றே தெரியாதவர்களுக்கு முழுப் பாட்டு, எனக்கு மட்டும் இந்த நாடகம். அந்த ஞாயிற்றுக்கிழமை பரோட்டா வந்தது, பாட்டு போடவில்லை.

தீபாவளிக்குப் புக்கிட் மேராவில் நாத்தனார் வீட்டில் எல்லாரும் கூடினோம். சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "மாமா, அத்தை, பாடுங்க லா! அந்த மறக்குற பாட்டு!" எங்கள் குடும்பத்தில் அதற்கு அதுதான் பெயர். மாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். எழுந்து நின்றேன். நாத்தனார் மகள் காலி முறுக்கு டின்னைக் கவிழ்த்துத் தாளம் போட்டாள்.

இரண்டாம் சரணம் வந்தது. என்னிடம் அத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் மனிதர் அந்த இடத்தில் நின்றார். முதலில் இடது புருவம் ஏறியது, பிறகு வாய் லேசாகத் திறந்தது, பிறகு என் பக்கம் திரும்பினார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தேன். எவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறது! வாயை இறுக மூடிக்கொண்டேன்.

டின் தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு அந்த வரியைப் பாடினார், ஓர் எழுத்துப் பிசகாமல். வீடே கைதட்டியது.

"அண்ணனுக்கு ஞாபகம் வந்துருச்சு!" என்று நாத்தனார் கூவினார்.

அடுத்த வரி என்னுடையது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தாளம் ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்றும் வந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து, காதோரம், என் வரியை எனக்கு எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இப்ப அத்தை மறந்துட்டாங்க!"

எனக்கு அந்த வரி மறக்கவே இல்லை.