மாற்று வேட்பாளர் செல்லக்கிளி

காந்தி மார்க்கெட்டில் கறிவேப்பிலை, கொத்தமல்லி விற்கும் செல்லக்கிளி அக்கா மூன்று மாநகராட்சித் தேர்தல்களில் வேட்புமனு போட்டவர். ஒன்றில்கூட நின்றதில்லை. கட்சியில் அவர் நிரந்தர மாற்று வேட்பாளர். அசல் வேட்பாளரின் மனு தள்ளுபடியானால்தான் அவருக்கு வாய்ப்பு. இல்லையென்றால் வாபஸ் வாங்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போகவேண்டியதுதான். மூன்று முறையும் அப்படித்தான் போனார்.

"ஒரே ஒரு தடவ மெஷின்ல என் பேரைப் பாத்துடணும்" என்பார் என்னிடம். அவர் மனுவை முன்மொழிபவள் நான்தான். கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் வரும், ஆத்திரமும் வரும்.

இந்த முறை எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. "பெண்களுக்கே முன்னுரிமை!" என்று மைக்கில் முழங்கினார் வட்டச் செயலாளர் சிவசங்கர். முழங்கிய கையோடு அந்த முன்னுரிமையைத் தன் வீட்டிலேயே தொடங்கினார். மனைவி யமுனாதான் வேட்பாளர். போஸ்டரில் சிவசங்கர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டார். யமுனா ஒரு மூலையில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு இருந்தார். அக்கா வழக்கம்போல் மாற்று.

மனு பரிசீலனை அன்று எதிர்க்கட்சிக்காரர் எழுந்து, யமுனாவின் மனுவில் இரண்டு பக்கத்தில் இரண்டு விதமாகக் கையெழுத்து இருப்பதாக ஆட்சேபித்தார். தேர்தல் அதிகாரி யமுனாவை அருகில் அழைத்தார்.

"இது நீங்க போட்ட கையெழுத்தாம்மா?"

பின்னால் நின்ற சிவசங்கர் 'ஆமாம்னு சொல்லு' என்று தலையை ஆட்டிய ஆட்டில் கழுத்தே சுளுக்கியிருக்கும். சமையல் கேஸ் புக் முதல் பேங்க் படிவம் வரை மனைவிக்காகக் கையெழுத்துப் போட்டே பழகிய மனிதர்.

யமுனா காகிதத்தைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இல்லீங்க சார். இந்தப் பேப்பரையே நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மனு தள்ளுபடி. அடுத்து அக்காவின் மனுவை எடுத்தார்கள். அது அதிகாரி கண்ணெதிரே அக்காவே கையெழுத்திட்டது. ஏற்கப்பட்டது. நான் அக்காவின் கையைப் பிடித்தேன்.

வராண்டாவுக்கு வந்ததும் சிவசங்கர் வழிமறித்தார்.

"சரிக்கா, நீங்களே நில்லுங்க. ஆனா போஸ்டர்ல பெரிய படம் என்னோடதுதான். ஜெயிச்சா கூட்டத்துக்கு நான் போவேன், நீங்க கடையப் பாருங்க."

"முடியாது தம்பி."

இருபத்திரண்டு வருடக் கட்சி வாழ்க்கையில் அக்கா சொன்ன முதல் 'முடியாது' அது.

"முடியாதா? உங்க வாபஸ் படிவம் என் பையிலதான் இருக்கு. இப்பவே உள்ள குடுத்துடுவேன்." படிவத்தை வெளியே எடுத்துக் காட்டினார்.

"இந்தத் தடவ அதுல நான் கையெழுத்தே போடலையே?"

"உங்களுக்கு எதுக்கு சிரமம்னு நானே..."

பாதியில் நிறுத்தினார். அவருக்கே உறைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற யமுனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக் குலுங்கினார்.

"போய்க் குடுங்க தம்பி" என்றார் அக்கா, சாந்தமாக. "அந்த ஐயா உள்ளதான் இருக்காரு. என்னையும் கூப்பிட்டுக் கேப்பாரு."

சிவசங்கர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போஸ்டருக்கு உங்க போட்டோ ஒண்ணு வேணும்க்கா."

"தரேன்" என்றார் அக்கா. "அது மட்டும்தான் இருக்கணும்."