தட்டிப் பார்த்த படகு

ஹால்வர் படகு பார்க்கப் போனால் முதலில் எஞ்சினைத் திறக்கச் சொல்லமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே நடப்பார். சத்தம் கணீரென்று வந்தால் தளம் காய்ந்திருக்கிறது. அழுகின பூசணியைத் தட்டியதுபோல் வந்தால் உள்ளே இருக்கும் மரம் ஊறிவிட்டது. அத்தோடு சுத்தியல் பைக்குள் போய்விடும். விற்கிறவர் அதற்குமேல் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது. அவர் ஊரான அனகோர்ட்டஸின் படகுத்துறைத் தரகர்கள் அவருக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தீவுகளுக்கு ஆளும் வண்டியும் ஏற்றிப்போகும் ஃபெரிகளில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தெரிந்த பழுதோடு ஒருநாளும் துறையைவிட்டுக் கிளம்பியதில்லை. கார்களெல்லாம் வரிசையில் நின்று ஹாரன் அடித்தாலும் சரி, குழாயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் ஃபெரி நின்றுவிடும்.

ஓய்வுக்குப் பிறகு டிராலர் ஒன்று வாங்கி அலாஸ்காவரை போவதென்று அவரும் மனைவி நோரீனும் பேசிவைத்திருந்தார்கள். வலை வீசுகிற டிராலர் இல்லை. அதே சாயலில், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே வைத்து, மெதுவாகப் போகிற சிறிய படகு. ஒற்றை எஞ்சினா இரட்டையா என்று ஒரு குளிர்காலம் முழுக்க வாக்குவாதம் நடந்தது. சுக்கானுக்குப் பக்கத்திலேயே கதவு வேண்டும், கயிறு கட்ட ஓடப்போவது நான்தானே என்றார் நோரீன்.

அடுத்த வசந்தத்தில் நோரீனுக்குக் கால் தடுக்க ஆரம்பித்தது. நரம்பு நோய். காலில் தொடங்கி மேலே ஏறும். ஏறினது இறங்காது. அடுத்த கோடையில் அம்மா உட்காரவாவது முடியுமா என்று மகள் டேக்னி டாக்டரிடம் கேட்டாள். போகிற இடத்துக்கு இந்தக் கோடையிலேயே போய்வாருங்கள் என்றார்.

ஏணி வைத்த படகுகளெல்லாம் கழிந்தன. சக்கர நாற்காலி நேரே உள்ளே போகிற மாதிரி ஒரே மட்டத்தில் அறை வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவை கொஞ்சம்தான். அவற்றையும் சுத்தியல் தள்ளிக்கொண்டே வந்தது.

பக்கத்து ஊரான லா கானரில் பார்த்த படகில் முன்தளம் பூசணிச் சத்தம் போட்டது. ஹால்வர் சுத்தியலைப் பைக்குள் போட்டார். தரகர் சாவியை எடுத்துக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து நோரீன் கூப்பிட்டார்.

"இங்க வந்து உக்காரு. உக்காந்த இடத்துலருந்து தண்ணி தெரியுது பாரு. இதுவரைக்கும் பாத்த படகுல எல்லாம் எனக்கு ஆகாசம் மட்டும்தான் தெரிஞ்சுது."

"தளம் ஊறிக்கெடக்கு, நோரீன்."

"என்னைத் தட்டிப் பாரேன். அதே சத்தம்தான் வரும்."

ஹால்வர் அந்தப் படகை வாங்கினார்.

டேக்னி பாலம் கட்டுகிற எஞ்சினியர். தளத்தை அளந்து கணக்குப் போட்டு, இன்னும் பல வருஷம் தாங்கும் என்றாள். "நமக்கு ஒரு கோடைதான் வேணும்ப்பா. மேல தார்ப்பாய கட்டிட்டுக் கிளம்புங்க."

அவர் தலையாட்டினார். கிளம்புமுன் அடியில் சுழலும் விசிறியைச் சரிபார்க்கப் படகைப் பட்டறையில் கரையேற்றினார். ஏற்றியவர், ஊறின இடத்தில் கையகலம் மட்டும் அறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். மரம் பாலில் போட்ட ரொட்டிபோல் வந்தது. ஓரமும் ஈரம். இன்னும் கொஞ்சம் அறுத்தார். ஜூனில் முன்தளமே இல்லை. மழை விடவில்லை. புதுத் தளத்துக்குப் பூசிய பிசின் ஈரத்தில் இறுகவில்லை. படகைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டி உள்ளே ஹீட்டர் வைத்தார். வீட்டுக்கு வந்து, இன்னும் ஒரே வாரம் என்பார். நோரீன் சரி என்பார். ஜூலையில் நோரீனின் இடது கை போயிற்று.

ஒருநாள் டேக்னி பிளாஸ்டிக்கை விலக்கி உள்ளே வந்தாள். "அம்மாகிட்ட எத்தனை வாரம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க?"

அவர் முகமூடியைக் கழற்றாமலே தேய்ப்பு மெஷினைப் போட்டார். அவள் மேலே பேசியது எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பரில் நோரீனுக்குத் தலை நிற்பதே கஷ்டமாகிவிட்டது. அந்த வாரம் ஹால்வர் மெஷினைத் தொடவில்லை. பட்டறை ஆட்கள் ஃபோர்க்லிஃப்ட்டில் பலகை வைத்து நாற்காலியோடு நோரீனைப் படகுக்குத் தூக்கினார்கள். ஜன்னலோரம் உட்காரவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பிளாஸ்டிக். ஹால்வர் கத்தியை எடுத்து அதை மேலிருந்து கீழே கிழித்தார். மற்றப் படகுகளின் அடிவயிறுகளுக்கு நடுவே கால்வாய்த் தண்ணீர் கொஞ்சம் தெரிந்தது.

"எஞ்சினப் போடு," என்றார் நோரீன். குரல் குழறியது. ஆனால் புரிந்தது.

தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிவிடும். ஹால்வர் கடல்நீர் இழுக்கிற குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டார். தோட்டத்து ஹோஸைப் பிடித்து வாளியை நிறைத்துக்கொண்டே இருக்கும்படி டேக்னியிடம் சொன்னார். எஞ்சின் இரண்டு தரம் இருமிப் பிடித்துக்கொண்டது. மேஜை அதிர்ந்தது. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஹால்வர் நோரீனின் கையை எடுத்து மேஜைமேல் விரித்துவைத்தார்.

"எங்க இருக்கோம்?"

"தீவெல்லாம் தாண்டியாச்சு."

"அவசரமில்ல. மெதுவாவே போ."

அவர் சுக்கானுக்குப் போய் நின்றார். பின்னால் எஞ்சின் துப்பிய தண்ணீர் ஜல்லியில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. போதும் என்று நோரீன் சொல்லவில்லை. கைகளைச் சுக்கானிலிருந்து எடுக்காமல் ஹால்வர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் அவர் அறுத்த பள்ளம் இருந்தது.