பத்து மணிக் கூழ்

இதை எழுதப் பல வருடங்களாக எனக்குக் கை வரவில்லை. வீரபாண்டி பனியன் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த அயர்ன் மாஸ்டர், ஒல்லியான மதுரைக்காரர், சர்க்கரை நோயாளி. பத்து மணியானால் எந்த வேலையையும் நிறுத்திவிட்டுக் கம்பங்கூழ் குடிப்பார்.

"கிருத்திகைக்கு விரதம் இருந்து பாருங்க. எனக்கு ஒடம்பே லேசாச்சுங்க" என்றேன்.

"மாத்திர போட்டா சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்காருண்ணே."

"முருகன விடவாங்க டாக்டர் பெருசு?"

அந்தக் கிருத்திகையன்று மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வேலைக்கு வந்தார். மதியம் மயங்கிச் சூடான அயர்ன் பெட்டிமேல் விழுந்தார். வலது கை வெந்துபோனது.

ஆஸ்பத்திரியில், "ஒங்க ஒடம்புக்கு வெரதம், என் ஒடம்புக்குக் கூழு. அம்புட்டுதாண்ணே" என்று என்னைத் தேற்றினார். அந்தக் கையோடு வேலை செய்ய முடியாமல் ஊருக்கே போய்விட்டார்.

நான் இன்றும் விரதம் இருக்கிறேன். யாரையும் இருக்கச் சொல்வதில்லை. இதைப் பிறருக்குச் சொன்னால் அப்படியே சொல்லுங்கள். அவரைப் பட்டினி போட்டவன் நான் என்பதை விட்டுவிடாதீர்கள்.