ஜீப்பில் போன குச்சி ஐஸ்

எங்கள் தெருவுக்குச் சேவல் தேவைப்பட்டதில்லை. மாமாவின் ஜீப்பே கூவிவிடும். விடியுமுன் இரண்டு தரம் இருமும், ஒரு தரம் செருமும், பிறகு தெரு முழுவதையும் வைதுகொண்டே கிளம்பும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் கையுமாக ஓடிவருவார்கள். எட்டுப் பேருக்கான வண்டியில் பதினெட்டுப் பேர் ஏறியிருப்பார்கள். அதற்குப் பிறகு வருகிறவளிடமும் மாமா, "எடம் கெடக்கு ஆத்தா, மூச்சை மட்டும் வெளிய விட்டுட்டு வா" என்பார்.

மாமா அம்மாவுடைய தம்பி. போடிமெட்டுக்கு மேலே இருக்கிற தோட்டங்களுக்குக் காலையில் ஆள் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது அவருடைய சோலி. கூடவே இன்னொரு சோலியும் தானாக வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் மூடி போய்விட்ட ஒரு குழி. மலைக்கும் ஊருக்கும் நடுவில் அதுதான் தபால்பெட்டி. மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, அக்குள் பிரித்துத் தைக்க வேண்டிய ரவிக்கை எல்லாம் அந்தக் குழிக்குள் ஏறும், இறங்கும். விலாசம் கிடையாது. "ரெண்டாவது லயத்துல, சிரிச்சா பல்லு தெரியுமே, அவளுக்கு" என்று சொன்னால் போதும், போய்ச் சேர்ந்துவிடும்.

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அழுது புரண்டு அந்த ஜீப்பில் இடம் பிடித்தேன். கியர் கம்பிக்கும் மாமாவின் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம். தினமும் வளைவு வளைவாக ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் வெயில் ஒரு சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டே வந்தது. மேலே போய் இறங்கினால் காற்று ஈரத் துணி மாதிரி முகத்தைத் துடைத்தது.

கோடை மழை பெய்த மறுநாள் ஏலச்செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது என் காலில் அட்டை ஏறிவிட்டது. நான் போட்ட கூச்சலில் காய் எடுக்கிற பெண்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். என் வயசுப் பெண் ஒருத்தி மட்டும் ஆற அமர நடந்து வந்தாள். பாவாடை முனையில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்து அட்டையின் மேல் ஒரு சிட்டிகை வைத்தாள். அது சுருண்டு விழுந்தது.

"எந்தா இப்படிக் கத்துற? அது உன்னய முழுசாவா திங்கப் போகுது?"

அவள் ஈஸ்வரி. தோட்டக்காரர்கள் வேலையாட்களுக்கு ஒரே கூரையில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளை லயம் என்பார்கள். அதில் கடைசி வீடு அவளுடையது. அவளும் அவள் அம்மாவும் மட்டும். வேறு யாரும் இல்லை. பத்து வயதுவரை அவள் மலையை விட்டு இறங்கியதே கிடையாது. எங்கள் ஊரான போடியை மேலேயிருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். மெட்டுப் பாறையில் என்னை உட்காரவைத்துக் கீழே கையை நீட்டி, "உங்க ஊரு, ஒரு கை எள்ளு கொட்டுன மாதிரி இருக்கு" என்றாள். எனக்குக் கோபம். அந்த எள்ளுக்குள் எங்கள் பஸ் ஸ்டாண்டு இருந்தது, ரயில் இருந்தது, இரண்டு சினிமாக் கொட்டகை இருந்தது. எள்ளாம் எள்ளு.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. என் ஒரு சாண் இடம் போயிற்று. குழி இருந்தது.

அந்தக் குழியில்தான் நாங்கள் சிநேகிதமாக வளர்ந்தோம். நான் கண்ணாடி வளையல் அனுப்பினால் அவள் நீலப் பறவையின் இறகு அனுப்புவாள். நான் அதிரசம் அனுப்பினால் அவள் பம்பரம் மாதிரிச் சுற்றுகிற யூகலிப்டஸ் கொட்டை. மாமா இரண்டு பக்கத்திலும் சுங்கம் எடுத்துக்கொள்வார். அதிரசம் எப்போதும் ஒன்று குறைவாகத்தான் போய்ச் சேரும். "ரோடு மோசம் மருமகளே, ஒண்ணு குதிச்சு ஓடிருச்சு" என்பார்.

ஐப்பசியில் ஒரு தைலக் குப்பி வந்தது. காலிக் குப்பி, மூடியைச் சுற்றி நூல் கட்டியிருந்தது. கூடவே சீட்டு. 'இங்கே மஞ்சு இறங்கிவிட்டது. முன்னால் நடக்கிற அம்மாவே தெரியவில்லை. உனக்குக் கொஞ்சம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். மெல்லத் திற.' மூடுபனிக்கு அவர்கள் பக்கம் மஞ்சு என்றுதான் பேர். நான் கொல்லையில் போய் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, மெல்லத் திறந்தேன். தைல வாசனை வந்தது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. வேறொன்றும் இல்லை. குப்பிக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். அங்கேயும் எங்கள் கொல்லைதான் தெரிந்தது.

'மஞ்சு வந்தது. ரொம்பக் குளிராக இருந்தது' என்று எழுதினேன். எழுத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

தை பிறந்ததும் அவளிடமிருந்து வந்த சீட்டில் இறகும் இல்லை, கொட்டையும் இல்லை. 'எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. போடியில் விடுதி இருக்கிறது, ஆறாவதில் சேர்த்துவிடலாம் என்று டீச்சர் சொல்கிறது. அம்மா மாட்டேன் என்கிறது. கீழே நமக்கு யார் இருக்கா என்று கேட்கிறது. சேர்க்காவிட்டால் வருகிற வருஷம் நானும் காய் எடுக்கப் போவேன்.'

காய் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும். மலையே தெரிகிற இடத்தில் இருந்துகொண்டு அந்தப் பெண்கள் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஈஸ்வரி, மெட்டுப் பாறையில் நின்று ஊரையே எள்ளு என்ற ஈஸ்வரி, அப்படிக் குந்தியிருப்பதை நினைக்க முடியவில்லை.

அம்மாவிடம் சீட்டைக் காட்டினேன். அம்மா கிட்டங்கியில், அதாவது காய் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிடங்கில், ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறவள். விரல்கள் எப்போதும் மணத்துக்கொண்டிருக்கும். படித்துவிட்டு, "பாவம், பெத்தவளுக்குப் பயமா இருக்கும்ல" என்றாள்.

என்ன பயம்? எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மாவுக்குப் போடியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதுதான் கோளாறு என்று முடிவு செய்தேன். யார் இருக்கா என்று கேட்டதற்கு, என்னவெல்லாம் இருக்கிறது என்று பதில் அனுப்ப ஆரம்பித்தேன். வாரம் ஒரு சாட்சி. தண்டவாளத்தில் வைத்து மதுரை ரயில் நசுக்கிக் கொடுத்த ஆணி. சினிமாக் கொட்டகை நோட்டீஸ், பச்சையில் ஒன்று, ரோஸில் ஒன்று. ரப்பர் பந்து. ஒவ்வொரு வாரமும் ஒரே பதில்: 'அம்மாவிடம் காட்டினேன். பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை.'

பங்குனி வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஐஸ்காரர் சைக்கிள் பெட்டியின் மூடியை டப்டப்பென்று அடித்துக்கொண்டு வந்தார். சிவப்புக் குச்சி ஐஸை வாயில் வைத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மலையில் இல்லாதது இதுதான். இதைத் தின்ற பிறகு எந்த அம்மாவும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

"மருமகளே, வெயிலு மண்டைக்கு ஏறிருச்சா உனக்கு?" என்றார் மாமா.

என்னிடம் திட்டம் இருந்தது. அம்மா வேலை பார்க்கிற கிட்டங்கியில் ஏலக்காயைக் கட்டிவைக்கிற சாக்கு சாதாரணச் சாக்கு அல்ல. உள்ளே கறுப்பு பாலித்தீன் உறை போட்டது. ஆறு மாசம் கழித்துப் பிரித்தாலும் காயின் பச்சை அப்படியே இருக்கும், மணம் அப்படியே இருக்கும். பச்சையையும் மணத்தையும் வெளியே விடாத சாக்கு குளிரை மட்டும் விட்டுவிடுமா? இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் அப்படித்தான் யோசிக்கும். அம்மாவை நச்சரித்து, கிழிந்த சாக்கு ஒன்றின் உறைத் துண்டை வாங்கிவிட்டேன். மரம் அறுக்கிற இடத்தில் தூள் அள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா தோட்டத்துக்கு அரிசி லோடு ஏற்றிப் போவார். அன்றைக்கு வாங்கிய ஐஸை உறையில் சுருட்டி, வாயை நூலால் இறுகக் கட்டித் தூக்குவாளிக்குள் நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை அமுக்கி, மூடிக்கு மேல் ஈரத் துணியைச் சுற்றினேன்.

"வழியில தெறக்கக் கூடாது மாமா. கையடிச்சுச் சொல்லு."

மாமா என் கையில் அடித்தார். வழக்கமான கேலி எதுவும் செய்யவில்லை. தூக்குவாளியைக் குழிக்குள் வைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமையாளை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் வைத்தார்.

சாயங்காலம் ஜீப் முனை திரும்பும்போதே ஓடினேன்.

"குடுத்தியா மாமா?"

"குடுத்துட்டேன்."

"தின்னாளா?"

"முன்னுக்க நின்னு பாத்துட்டுத்தான வர்றேன்."

"என்ன சொன்னா?"

"நாக்கை நீட்டிக் காமிச்சா. செவசெவன்னு இருந்துச்சு."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அடுத்த வாரம் ஈஸ்வரியின் சீட்டும் வந்தது. 'ஐஸ் வந்தது. ரொம்ப இனிப்பு. குச்சியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அம்மாவும் ஒரு வாய் எடுத்துக்கொண்டது.' அதற்கு அடுத்த வாரம் ஒரே ஒரு வரி: 'அம்மா சரி என்றுவிட்டது.'

வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு குச்சி ஐஸ், பதினேழு வளைவு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை மாமாவின் ஜீப்பிலிருந்து தகரப்பெட்டியோடு ஈஸ்வரி இறங்கினாள். பின்னாலேயே அவள் அம்மா. நல்ல சேலை கட்டியிருந்தார்கள். காலில் செருப்புப் புதிது, அதனால் நடை நொண்டியது. பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் ஈஸ்வரியை ஐஸ்காரரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சிவப்பு ஐஸை வாங்கி அவள் கையில் கொடுத்தேன்.

கடித்தாள். அலறினாள். துப்பினாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"ஏ, இது கெட்டுப் போச்சுடீ! கல்லாட்டம் இறுகிப் போயிருச்சு! வேற நல்ல ஐஸா குடுக்கச் சொல்லு, தண்ணியா இருக்குமே, அது!"

ஐஸ்காரர் சைக்கிளை விட்டுவிட்டுச் சிரித்தார். மாமா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்ததும் அழுகை முட்டியது.

"உருகிப் போயிருச்சுன்னு நீ ஏன் மாமா சொல்லலை?"

"நீ கேட்டியா? குடுத்தியா, தின்னாளா, அம்புட்டுத்தான கேட்ட? மூணாவது வளைவுலேயே வாளி குலுங்குற சத்தம் மாறிருச்சு ஆத்தா. தெறக்க மாட்டேன்னு கையடிச்சுட்டேன். நான் என்ன செய்ய?"

ஈஸ்வரியின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார்கள். காய் எடுத்துப் பழகிய உடம்பு. அவ்வளவு லேசாகக் குந்தினார்கள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. நானும் கீழ, இந்தா இருக்க தேவாரம் ஊருல பொறந்தவதான். ஐஸு திங்காதவளா?"

"பெறகு ஏன் அத்தே இவகிட்டச் சொல்லலை?"

அவர்கள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்தார்கள்.

"அந்தத் தண்ணிய ஒரு வாயி குடிச்சேன் பாரு, அன்னைக்குத்தான் இவளக் கீழ விடுவோம்னு நெனச்சேன்" என்றார்கள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தோற்றுப் போன ஐஸ் எப்படி ஜெயிக்கும்? ரொம்ப நேரம் யோசித்து, இந்த அத்தைக்கு உருகின ஐஸ்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்கிற முடிவுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் அவர்கள் தனியாக அதே ஜீப்பில் மலைக்குத் திரும்பினார்கள். முன்சீட்டில் இடம் இருந்தும் பின்னால் ஏறி, ஊரைப் பார்த்தபடியே போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவப்பு ஐஸ் ஒன்றை நானே தட்டில் உருக்கி, பழைய தைலக் குப்பியில் ஊற்றி, மாமாவின் குழிக்குள் வைத்தேன். செவ்வாய்க்கிழமை குப்பி திரும்பி வந்தது. காலி. கழுவிக் காயவைத்து, மூடியைச் சுற்றி நூல் கட்டியிருந்தது.

பள்ளிக்கூடம் போகிற வழியில் விடுதி வாசலில் ஈஸ்வரியிடம் அதைக் கொடுத்தேன். "உங்க அம்மா வெறுங்குப்பியத் திருப்பி அனுப்பியிருக்கு" என்றேன், கொஞ்சம் வருத்தமாகவே. பதிலுக்கு ஒரு நெல்லிக்காயாவது போட்டிருக்கலாம்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மெல்லத் திறந்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வந்த நாளிலிருந்து பஸ் சத்தத்துக்கு என் கையைப் பிடித்துக்கொள்கிறவள், அன்றைக்கு அசையவில்லை.

"என்னடீ இருக்கு அதுல?"

"மஞ்சு" என்றாள். "ரொம்பக் குளிரா இருக்கு."

பிறகு மூடியை இறுகத் திருகிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வா வெரசா, மணி அடிச்சிருவாங்க" என்று எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தாள். நானும் ஓடினேன். நான் எழுதியனுப்பிய அதே பொய்யை என்னிடமே சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே எட்டிப் பிடித்து அவள் கையைத் தொட்டால், ஆனி மாத வெயிலில், முழங்கைவரை மயிர் சிலிர்த்து நின்றது. பொய்க்கு எப்படிச் சிலிர்க்கும் என்றுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.